பாலாடை நிறத் துணி

குலவை. தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, நாக்கைச் சுழற்றி, ஒரே மூச்சில் போட்ட குலவை. பச்சை ஓலை வேய்ந்த குச்சுக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பேச்சியம்மாளின் காதில் அன்றைக்கு ஏறியது, பேரன் பேத்தி எடுத்த பிறகும் இறங்கவில்லை. சிக்கந்தர் பாயின் ஒர்க்ஷாப்பில் கிரைண்டர் இரும்பைத் தொடுகிறபோது, தீப்பொறி கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால், அதே சத்தம்தான் கேட்கும். கையில் ஊசி நின்றுவிடும். நல்லது நடந்தது என்று ஊரைக் கூட்டிச் சொல்கிற சத்தம். அன்றைக்கு நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொன்ன சத்தம். இன்று காலையிலிருந்து கிரைண்டர் ஓயவில்லை. மில் முதலாளி வீட்டுக் கறுப்புப் பிளைமவுத் காரின் கூரையை அறுத்தெடுத்துவிட்டு, மடக்குகிற கேன்வாஸ் கூரை போட்டு, பழைய மினுமினுப்போடு தர வேண்டும். நாளைச் சாயங்காலம் அந்த வீட்டில் மாப்பிள்ளை அழைப்பு. இன்று விளக்கு வைப்பதற்குள் வண்டி போயாக வேண்டும். கூரையை எடுத்ததும் வண்டியின் உடம்பு நடுவில் தொய்ந்து, கதவுகள் சாத்தமாட்டேன் என்று முரண்டு பிடித்தன. அடியில் இரும்புச் சட்டம் கொடுத்து, கதவைத் தேய்த்துத் தேய்த்துப் பொருத்தியதிலேயே கெடு முக்கால்வாசி கரைந்துபோனது. இனி மிச்சம் குஷன். மதுரைத் தெற்குவாசல் பக்கம் பழைய வண்டிக்குச் சீட்டு தைக்க வேண்டுமென்றால் பேச்சியம்மாளைத்தான் கூப்பிடுவார்கள். புருஷன் ராமையா வைத்துவிட்டுப் போன தொழில். அவன் போன பிறகு அவள் பிடித்துக்கொண்டது.

பின்சீட்டின் விளிம்பை வளைந்த ஊசியால் மூடிக்கொண்டிருந்தாள். ஒரு தையல், ஒரு இழுப்பு, ஒரு முடிச்சு. பாலாடை நிறத் துணி. ரெக்சின் வேண்டாம், வெயிலில் சுடும், துணியே போடுங்கள், அம்மா உட்காருகிற சீட்டு, மெத்தென்று இருக்கட்டும் என்று சொன்னது பார்த்திபன், அந்த வீட்டுப் பிள்ளை, மாப்பிள்ளைக்கு அப்பா. அம்மா ஆசைப்பட்டதால்தான் ஷெட்டில் கிடந்த வண்டியை வெளியே எடுத்தோம் என்றும் சொன்னான். அம்மா என்றால் சௌந்தரம். அந்தப் பெயரைக் கேட்டபோது பேச்சியம்மாள் அளவு நாடாவை மடித்துக்கொண்டிருந்தாள், மடித்து முடித்தாள், எந்தப் பக்கம் உட்காருவாங்க தம்பி என்று மட்டும் கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரியும். இடப்பக்கம், ஜன்னலோரம், முழங்கையை வெளியே நீட்டி வைத்துக்கொள்ள. இப்போது அந்த இடத்தில், துணிக்கு அடியில், தேங்காய் நாருக்கு மேலே, மெல்லிய மல் துணியில் தட்டிப் பரப்பிய சிவப்புச் சாயப்பொடி இருக்கிறது. அடுத்த தெருச் சுங்குடிப் பட்டறையில் வாங்கியது. வாங்கும்போது எந்தச் சேலைக்குக்கா என்று பட்டறைக்காரன் கேட்டான். பழைய சேலைக்கு என்றாள். மிச்சப் பொட்டலம் மடியில் இருக்கிறது. சும்மா வைக்கவில்லை, சோதித்துப் பார்த்துத்தான் வைத்தாள். கொஞ்சத்தை இதே துணிக்குள் முடிந்து, மிஷின் ஸ்டூலில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து தைத்தாள். கத்திரி வெயில், தகரக் கொட்டகை. டீ வருவதற்குள் வியர்வையில் கரைந்து சேலையில் பிடித்திருந்தது. எழுந்து கண்ணாடியில் பார்த்தாள். எல்லாம் நின்று இத்தனை வருஷத்துக்குப் பிறகு மறுபடி வந்துவிட்டது என்று ஒரு கணம் உடம்பு நம்பிவிட்டது. உடம்புக்குத் தெரியாது, சாயம் எது, ரத்தம் எது. அது நல்லதுதான். நாளை மேளத்துக்கும் வாணவேடிக்கைக்கும் நடுவில், ஊரே பார்க்கத் திறந்த வண்டியிலிருந்து சௌந்தரம் இறங்குவாள். பின்னால் நிற்கிற பெண்கள் முதலில் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பார்கள். யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். எல்லாரும் சொல்வார்கள்.

இந்த வண்டியை வேறு யாரும் பார்க்காத விதத்தில் பேச்சியம்மாள் பார்த்திருக்கிறாள். தரையிலிருந்து. அவள் அப்பா மாணிக்கம் இதை ஓட்டினார். காலையில் சௌந்தரத்தைக் கான்வென்டில் விட வேண்டும், போகிற வழியில் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம். முதலாளியம்மா மனசு வைத்து, உன் மகளையும் ஏற்றிக்கொள் மாணிக்கம், ஆனா சீட்டுல வேண்டாம், கீழே உட்காரட்டும், அவளுக்கும் சௌகரியம் என்றாள். என்ன சௌகரியம் என்று அப்பா கேட்கவில்லை. ஆகவே முன்சீட்டின் முதுகுக்கும் பின்சீட்டுக்கும் நடுவில், பையை மடியில் வைத்து, சௌந்தரத்தின் பளபளக்கிற ஷூவுக்குப் பக்கத்தில் பேச்சி உட்கார்ந்து போவாள். ஊர் தெரியாது. மேலே கொஞ்சம் வானம், மின்கம்பி, கோபுரத்தின் உச்சி மட்டும். குனிந்தால் சீட்டின் அடிவயிறு தெரியும்: சுருள் ஸ்பிரிங், சணல் கட்டு, அதில் தொங்குகிற நார். ராமையாவைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் அவன் ஸ்பிரிங் கட்டுவதைப் பார்த்து, நாலு பக்கமும் இழுத்து மூலைக்கு மூலை கட்டினால்தான் நிற்கும் என்று இவள் சொல்ல, உனக்கு எப்படிடி தெரியும் என்று வாயைப் பிளந்தான். தெரியும். கால்களுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தது. சௌந்தரம் கெட்டவள் என்று அப்போது தோன்றியதே இல்லை, அதுதான் இன்றும் எரிகிறது. ரொட்டியில் பாதி தருவாள். இங்கிலீஷ் பாட்டு சொல்லித் தருவாள். ஒரே வயசுதான். ஆனாலும் பாப்பா என்றுதான் கூப்பிட வேண்டும். பாப்பா, அங்க என்ன தெரியுது? ஒரு யானை தெரியுது பேச்சி. நெசமாவா பாப்பா? பொய். என்று சொல்லிச் சிரிப்பாள். தரையில் இருப்பவளுக்கு எது நிஜம், எது பொய் என்று மேலே இருப்பவள்தான் சொல்ல வேண்டும்.

ஊசி விரலில் ஏறியது. சப்பிக்கொண்டாள். துணியில் பட்டுவிடக் கூடாது; இது இப்போது பட வேண்டிய நேரமில்லை. அன்றைக்கும் ஒரு சாயங்காலம்தான். பள்ளிக்கூடம் விட்டு வீடு வந்து, அப்பா இறங்கிக் கதவைத் திறந்துவிட, சௌந்தரம் எழுந்தாள். கீழே இருந்த பேச்சியின் கண்ணுக்கு நேராக அவளுடைய பள்ளிக்கூட நீலப் பாவாடை. அதில் இருந்ததை உலகத்தில் முதலில் பார்த்தவள் இவள். சௌந்தரம் இவள் முகத்தைப் பார்த்தாள், திரும்பிச் சீட்டைப் பார்த்தாள், மறுபடி இவளைப் பார்த்தாள். பைக்கட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் முதலாளியம்மா வாசலுக்கு வந்தாள். மாணிக்கம், உன் மக சீட்டுல ஏறி உட்கார்ந்திருக்கா, பாப்பா சொல்றா, போய்ப் பாரு அங்க என்னன்னு. அப்பா பார்த்தார். கறுத்த மனிதர், முகம் சாம்பலாகிவிட்டது. நான் இல்லப்பா என்று பேச்சி சொன்னாள். அவர் கேட்கவே இல்லை. ஆம்பிளை, அதைப் பற்றிக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அன்றைக்கே சீட்டைப் பிடுங்கிக் கொல்லையில் போட்டார்கள், அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் அம்மா கேட்டாள். இல்லம்மா, எனக்கு இல்ல. அம்மா பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் பெரிய வீட்டில் சொல்லிவிட்டார்களே. முதல் தடவை அப்படித்தாண்டி, காட்டிட்டு நின்னுக்கும், பயப்படாத என்று கட்டிக்கொண்டு அழுதாள். தாய்மாமன் ஓலை வெட்டி வந்தார். பச்சை முட்டை, நல்லெண்ணெய், உளுந்தங்களி. வராத ஒன்றுக்காக அவள் விழுங்கினாள். மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். குலவை போட்டார்கள். பள்ளிக்கூடம் நின்றது. அது நிஜமாகவே வந்தபோது அடுத்த வருஷத்துப் பொங்கலும் கழிந்திருந்தது, கிணற்றடியில் தனியாக நின்று துவைத்துக்கொண்டாள், யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ஏற்கெனவே வந்ததாக ஊர் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டதே. சௌந்தரம் தன்னுடையதை மறைத்து வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் முடித்தாள், காலேஜுக்குப் போனாள், மெட்ராஸில் படித்தாள் என்று பிறகு கேள்விப்பட்டபோதுதான் புரிந்தது, அந்தச் சாயங்காலம் என்ன கைமாறியது என்று. பயந்த ஒரு பிள்ளை செய்தது என்று மனசின் ஒரு மூலை சொல்லும். வாயை மூடு என்று இன்னொரு மூலை சொல்லும். ராமையா நல்லவன். தையல் பிடித்த வேலை. ஆனால் பிடித்துப்போனது வேறு, கேட்டு வாங்கியது வேறு.

“என்னக்கா, சீட்டுக்கு உள்ள போயே உக்காந்துட்டீங்களா?” சிக்கந்தர் பாய். அறுபதைத் தாண்டிய மனிதர், தாடியெல்லாம் பெயிண்ட் தூசி. “பார்த்திபன் சார் போன் பண்ணிட்டே இருக்காரு. அவங்கம்மா வேற பாக்க வர்றாங்களாம்.” “வரட்டும் பாய், என்னைய என்ன பொண்ணா பாக்க வர்றாங்க?” என்றாள். கதவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த லூர்து சிரித்தான். “பாத்தா மட்டும்? பூ வச்சிட்டுல்ல போவாங்க, இந்தத் தையலுக்கு!” “நீ பாலிஷைப் போடு, பல்லுக்குப் போடாத” என்றாள். சிரிப்புச் சத்தம் அடங்கியதும் மறுபடி ஊசியை எடுத்தாள். இன்றைக்கு வருகிறாளா? இன்றைக்கு எதற்கு வருகிறாள்? தெரிந்துவிட்டால்? சிக்கந்தர் பாய் பாவம், இந்த வண்டி ஊர்வலத்தில் போனால் நாலு வேலை வரும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். சாயம் யார் வைத்தது என்று கேட்டால் துணி சாயம் போகிறது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லிக்கொள்ளலாம். அதை ஏற்கெனவே பலமுறை சொல்லிப் பார்த்தாயிற்று, மனசுக்குள், ஒவ்வொரு முறையும் குரல் வேறு மாதிரி வந்தது. பிரித்து எடுத்துவிடலாமா? இப்போது பிரித்தால்கூட விளக்கு வைப்பதற்குள் மூடிவிடலாம். ஒரு தையல், ஒரு இழுப்பு. பிரித்தால் என்ன மிஞ்சும்? அப்பா அதற்குப் பிறகு சாகிறவரைக்கும் அவள் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. சாப்பாடு வைத்தால் தட்டைப் பார்ப்பார். அந்தப் பார்வையை எந்த வண்டியில் போய்த் திருப்பி வாங்குவது? கடைசி முடிச்சைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்தாள்.

வெளியே கார் நின்றது. பார்த்திபன் கையைப் பிடித்து இறக்கிவிட, சௌந்தரம் வந்தாள். பேச்சியம்மாள் மனசில் வைத்திருந்தது அவளுடைய கல்யாணத்தன்று கண்ட சௌந்தரம், தூரத்திலிருந்து, சதையும் நகையுமாக. வந்தது வேறு. கழுத்தெலும்பு துருத்தி, தலை பஞ்சாக, சந்தனக் கலர் பட்டு மெலிந்த உடம்பில் நிற்காமல் வழிகிறது. வண்டியைச் சுற்றி வந்து பானெட்டைத் தடவினாள். பிறகு நிமிர்ந்தாள். கண்ணைச் சுருக்கினாள். “நீ... மாணிக்கம் டிரைவர் மக இல்ல? பேச்சி!” “ஆமாம்மா.” “அம்மாவா? பாப்பான்னு கூப்பிடுடி, நீ கூப்பிடலைன்னா இனிமே யாரு கூப்பிடப் போறா?” கையைப் பிடித்துக்கொண்டாள். கை சூடாக இருந்தது. “பார்த்தி, இவளும் நானும் இந்த வண்டியிலதான் ஒண்ணா ஸ்கூல் போனோம்.” ஒண்ணா. பேச்சியம்மாள் காரின் தரையைப் பார்த்தாள். சௌந்தரம் குரலைத் தாழ்த்தினாள். “அன்னைக்கு உனக்கு வண்டியில அப்படி ஆனப்போ எங்கம்மா ரொம்பப் பேசிட்டாங்க. நான் எவ்வளவோ சொன்னேன் தெரியுமா? சின்னப் பிள்ளைதானம்மா, தெரியாமச் சீட்டுல உட்கார்ந்திட்டா, விட்டுருங்கன்னு. கேக்கலை. அப்புறம் ரொம்ப நாள் எனக்கு மனசே ஆறலை.” கண்ணில் தண்ணீர் நின்றது. நிஜத் தண்ணீர். பேச்சியம்மாள் அந்தக் கண்ணுக்குள் தேடினாள். எங்கேயாவது ஒரு நூல் பிரிந்து தொங்குகிறதா என்று மடிப்பை விரித்துப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ஒன்றுமில்லை. இறுக்கமான தையல். என்னை மன்னிக்கிறாள். தன்னுடைய கறைக்காக என்னை இவள் மன்னிக்கிறாள். அதுவரை சாயப்பொடியில் ஒரு பயம் கலந்திருந்தது. அது போய்விட்டது.

“நாளைக்கு இந்தப் பக்கம்தானே உக்காருவீங்க, பாப்பா?” “நானா? நல்லா இருக்கு. தாலி இறங்கினவ மாப்பிள்ளை வண்டியில ஏறலாமா? சம்பந்தி வீட்ல முறை பார்ப்பாங்க. என் பேத்தி உக்காருவா, பன்னிரண்டு வயசு, பட்டுப் பாவாடை எல்லாம் எடுத்தாச்சு. நான் மண்டபத்துல நிப்பேன்.” சிவப்பு பேச்சியம்மாளின் கண்ணுக்குள் ஒரு சுற்று சுற்றியது. பட்டுப் பாவாடை. பன்னிரண்டு வயசு. எல்லாரும் பார்க்க. இல்லை, இது இல்லை, யாருக்கோ எழுதியதை யாரிடமோ கொடுப்பதா. பிறகு வந்த சொல் அவளுடைய வாயிலிருந்துதான் வந்தது, ஆனால் அவள் யோசித்து முடிப்பதற்கு முன்னால் வந்தது. “நாளைக்குத்தானே ஏறக் கூடாது? இன்னைக்கு இது வெறும் ஒர்க்ஷாப்பு. உக்காந்து பாருங்க பாப்பா. உங்க இடம்.” சௌந்தரம் மகனைப் பார்த்தாள், வெட்கப்பட்டாள், ஆசை ஜெயித்தது. லூர்து கதவைத் திறந்துவிட்டான். இடப்பக்கம் உட்கார்ந்து, முழங்கையை வெளியே நீட்டிக்கொண்டாள். “அய்யோ, மெத்துன்னு இருக்குடி.” பார்த்திபன் சிக்கந்தர் பாயோடு கேன்வாஸை மடக்கிப் பார்க்கப் பின்னால் போனான். தகரம் கொதித்தது. சௌந்தரத்தின் ரவிக்கை நனைந்தது. “மின்விசிறி போடட்டுமாக்கா?” என்றான் லூர்து. “தூசி பறக்கும், வேண்டாம். நீ போய் டீ சொல்லிட்டு வா” என்றாள் பேச்சியம்மாள்.

டீ சூடாக வந்தது. மெதுவாகக் குடிங்க என்றாள். சௌந்தரம் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவளை நிமிர்ந்து பார்த்தாள். இப்போது மேலே இருப்பது பேச்சி. “உனக்கு ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்றதில்லை. என்னைப் பார்த்தா தெரியுதில்ல? கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. புத்துநோய். சுத்தமா எடுத்தாச்சுன்னுதான் சொன்னாங்க. ஆனா மறுபடி எப்பவாச்சும் ரத்தம் மாதிரி கொஞ்சம் தெரிஞ்சாலும் உடனே ஓடி வாங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கா. தினம் குளிக்கிறப்ப எனக்கு உயிர் போயி உயிர் வருது. பேரன் கல்யாணத்தை மட்டும் பார்த்துட்டா போதும் பேச்சி.” எழுந்திருங்க. அந்த ஒரு சொல் போதும். எழுந்திருங்க பாப்பா, சீட்டுல ஊசி விட்டுட்டேன், எழுந்திருங்க. நாக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது அந்தச் சொல். இன்னும் பிடித்திருக்காது, இப்போது எழுந்தால் ஒன்றுமில்லை. பாவாடை, சாம்பலான முகம், தட்டைப் பார்க்கிற அப்பா. ஒண்ணா ஸ்கூல் போனோம். எழுந்திருங்க. பச்சை முட்டை தொண்டையில் வழுக்கியது. எவ்வளவோ சொன்னேன் தெரியுமா. எழுந்திருங்க என்று சொல்ல வாயைத் திறந்தவள், “இன்னொரு வாய் டீ ஊத்தட்டுமா, பாப்பா?” என்றாள். “ஊத்துடி” என்று சௌந்தரம் கிளாஸை நீட்டினாள்.

“போலாமாம்மா?” என்று பார்த்திபன் வந்தான். சௌந்தரம் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். சந்தனப் பட்டின் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. பார்த்திபன் பார்த்தான். அம்மா, என்று தொடங்கி, தலையைத் திருப்பிக்கொண்டான். லூர்து பாலிஷ் துணியைப் பார்த்தான். சௌந்தரம் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டு, விரலை முன்னால் கொண்டுவந்தாள். திரும்பிச் சீட்டைப் பார்த்தாள். பிறகு பேச்சியம்மாளைப் பார்த்தாள். அந்தப் பார்வை. ஒரு மயிரிழை மாறாத அதே பார்வை. அதை உலகத்தில் இன்னொருத்தி அறிய மாட்டாள். “என்னடா இது அநியாயம்! இவ சீட்டுல என்னத்தையோ கொட்டி வச்சிருக்கா பார்த்தி, சாயமோ என்ன எழவோ! பாத்துச் செய்ய மாட்டாளா?” குரல் கணீரென்று வந்தது. விரலை முந்தானைக்குள் மறைத்துத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரியவில்லை, தான் சொல்வது உண்மை என்று. வந்தது தன் ரத்தம் என்று நம்பி, பொய் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொல்கிறாள். பேச்சியம்மாளுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது. “ஆமா” என்றாள், எல்லாருக்கும் கேட்க. “சாயந்தான். என் தப்புதான்.” பார்த்திபன் கத்தினான். சிக்கந்தர் பாய் தலையில் கை வைத்துக்கொண்டு, “அக்கா, என்னக்கா, இந்த நேரத்துலயா!” என்றார்.

பின்னால் தையல் அறையில், தடுப்புத் துணிக்கு அந்தப் பக்கம், தன் மாற்றுச் சேலையை எடுத்துக் கொடுத்தாள். சௌந்தரம் உடுத்திக்கொண்டாள். பட்டைச் சுருட்டிப் பேச்சியம்மாளின் கையில் திணித்தாள். “எரிச்சிடு. யார் கண்ணுலயும் படக் கூடாது.” “சாயம்தாம்மா அது. நான்தான் வச்சேன்.” சௌந்தரம் அவள் கன்னத்தைத் தொட்டாள். “வெளிய சொன்னது போதும். என்கிட்ட எதுக்குடி? உனக்கு ரொம்ப நல்ல மனசு.” மடியில் இருந்த பொட்டலத்தை எடுத்துக் காட்டினால் போதும். கை மடிவரைக்கும் போனது, சேலையைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்தது. “கல்யாணம் முடியறவரைக்கும் நான் வாயைத் திறக்கப் போறதில்லை” என்று சௌந்தரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தடுப்புத் துணியை விலக்கி, தலையை நிமிர்த்தி நடந்து போனாள். பேச்சியம்மாள் சீட்டைப் பிரித்து, மல் துணியை உருவி எறிந்து, நாரை மாற்றி, மிச்சமிருந்த துணியை வெட்டிப் போட்டாள். கை ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. வெயில் தாழ்ந்து கொட்டகைக்குள் மஞ்சளாகச் சாய்ந்தபோது வண்டி தயாராகிவிட்டது. சிக்கந்தர் பாய் அவளோடு பேசாமல் சாவியைத் திருப்பினார். எஞ்சின் முதல் தடவையே பிடித்துக்கொண்டது.

மாப்பிள்ளை அழைப்பு நல்லபடியாக நடந்தது. பட்டுப் பாவாடைப் பெண் இடப்பக்கம் உட்கார்ந்து போனதை லூர்து பார்த்துவிட்டு வந்து சொன்னான். கல்யாணம் முடிந்த பிறகும் சௌந்தரம் டாக்டரிடமே போகவில்லையாம். யார் கூப்பிட்டும், எத்தனை தடவை நாள் வாங்கி வைத்தும் போகவில்லை, நோய் திரும்பி வந்ததையும் கடைசிவரைக்கும் சொல்லவில்லை என்று, வேறொரு வண்டி விஷயமாக வந்த பார்த்திபன் சிக்கந்தர் பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தான். மாசி மாதம் அவள் இறந்துபோயிருந்தாள்.